வலி நின்றால் சிகிச்சை முடிந்துவிடுமா?

கடந்த ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை. திண்டிவனத்தில் என் சிகிச்சையகத்தைத் திறக்கும் முன்பே வாசலில் ஓர் அம்மா அமர்ந்திருந்தார். மயிலம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குச் செல்பவர். வலது தாடைக்குக் கீழே தொடங்கிய வீக்கம் கழுத்து வரை இறங்கியிருந்தது. இரண்டு விரல் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்கவே சிரமப்பட்டார். காய்ச்சலும் இருந்தது. பல் மருத்துவர் தம் நாற்காலியில் வைத்துச் சரிசெய்யக்கூடிய நிலை அல்ல அது. 108 ஆம்புலன்ஸை வரவழைத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்றி, நாள்கணக்கில் ஊசி மருந்து செலுத்தி அவரைக் காப்பாற்றினார்கள்.

அன்று மாலை என் பதிவேட்டைப் புரட்டினேன். எட்டு மாதங்களுக்கு முன் அதே கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சையின் முதல் அமர்வைச் செய்தவன் நானே. அடுத்த வாரம் வரும்படி எழுதியிருந்தேன். அவர் வரவில்லை. உடல் தேறித் திரும்பியபோது காரணம் கேட்டேன். "வலிதான் நின்னுபோச்சே சார், அப்புறம் எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சொன்ன நான், ஏன் வர வேண்டும் என்று சொல்லவில்லை. கூட்டம் மிகுந்த ஒரு நாளில் நான் மிச்சப்படுத்திய ஐந்து நிமிடத்துக்கு அவர் கொடுத்த விலை அது. அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பல்லின் உள்ளே நடப்பது என்ன?

பல்லைப் பலரும் கல்லைப் போன்ற ஒன்றாகவே எண்ணுகிறார்கள். வெளியே தெரியும் எனாமல் அப்படிப்பட்டதுதான். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதற்கு உள்ளே டென்டின் என்னும் அடுக்கு. அதற்கும் உள்ளே, நடுவில், நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது. இந்தக் கூழ், வேர்களுக்குள் ஓடும் மெல்லிய குழல்களின் வழியாகத் தாடை எலும்போடு தொடர்புகொண்டிருக்கிறது. கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல்லில் பெரும்பாலும் இரண்டு வேர்கள், மூன்று அல்லது நான்கு குழல்கள். மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்கள், பலருக்கு நான்கு குழல்கள். அவை நேராகவும் இருப்பதில்லை. வளைந்தும் கிளைத்தும் செல்பவை.

நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கும்போது வலியே இருக்காது. டென்டினை எட்டும்போது குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் தோன்றும். இந்தக் கட்டத்தில் வந்துவிட்டால் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும், செலவும் குறைவு. கூழை எட்டிய பிறகுதான் சிக்கல். உடலில் வேறெங்கு அழற்சி ஏற்பட்டாலும் சதை வீங்க இடமிருக்கும். பற்கூழைச் சுற்றிலும் இருப்பது கடினமான சுவர். வீங்க இடமின்றி உள்ளேயே அழுத்தம் கூடுவதால்தான் பல்வலி அத்தனை கொடியதாக இருக்கிறது. படுத்தால் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் வலி அதிகரிக்கிறது.

ஒரு நாள் அந்த வலி தானாகவே நின்றுவிடும். நோயாளி நிம்மதி அடைவார். உண்மையில் அன்று கூழ் செத்துவிட்டது. வலியை உணர்த்த நரம்பு இல்லை, அவ்வளவுதான். இரத்த ஓட்டமற்ற அந்த வெற்றிடத்தில் நுண்ணுயிரிகள் பெருகி, வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. சிலருக்கு ஈறில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, மீண்டும் தோன்றும். சிலருக்குச் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் பரவும். மயிலத்து அம்மாவுக்கு நேர்ந்தது அதுவே. வலி நின்றதை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இதில் முதற்பாடம்.

வேர் சிகிச்சையை 'நரம்பு எடுப்பது' என்று நம் ஊரில் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். 1965இல் அமெரிக்க ஆய்வாளர் ககெஹாஷியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். நுண்ணுயிரிகள் அறவே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். கூழ் சாகவில்லை, காயத்தின்மேல் புதிய அடுக்கு உருவாகி அது தன்னைத் தானே மூடிக்கொண்டது. சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. ஆகவே பகைவன் நுண்ணுயிரியே. குழல்களிலிருந்து நுண்ணுயிரிகளை அகற்றி, அவை மறுபடி நுழையாதபடி அடைப்பதே வேர் சிகிச்சை. பாதியில் விட்ட பல், கதவு சாத்தாத வீட்டைப் போன்றது.

மாத்திரை ஏன் போதாது?

பல்வலி வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் செல்வது மெடிக்கலுக்கு. 'பல்வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க' என்று கேட்டால் ஒரு வலிமாத்திரை, ஓர் ஆன்டிபயாட்டிக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று என்று கட்டிக் கொடுக்கிறார்கள். வலி குறைகிறது; மாதங்கள் ஓடுகின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்து இரத்தத்தின் வழியாகச் செல்வது. செத்துப்போன கூழுக்குள் இரத்தம் செல்வதில்லை, மருந்தும் செல்லாது. கூழ் உயிரோடு அழற்சியுற்றிருக்கும்போதும் அந்த வலியை ஆன்டிபயாட்டிக் தணிப்பதில்லை. பல் சிகிச்சை உடனே கிடைக்கக்கூடிய பெரியவர்களுக்கு, வெறும் பல்வலிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க இயலாமை ஆகியவை இருந்தால் நிலைமை வேறு. அப்போது மருந்தும் வேண்டும். உடனடி மருத்துவமனைக் கவனிப்பும் வேண்டும்.

வலிமாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் வைப்பது, புகையிலையை அதக்குவது போன்றவற்றால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து புண்ணாவதையும் அடிக்கடி காண்கிறேன்.

நாற்காலியில் நடப்பவை

பலரைத் தடுப்பது அச்சம். ஊசியைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் முன்தலைமுறை அனுபவத்திலிருந்து வருவது. இன்று பயன்படும் லிக்னோகெய்ன் மருந்தை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கினார். அதைச் செலுத்திய சில நிமிடங்களில் பல் மரத்துப்போகும். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடும் அழற்சியுள்ள கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு முதல் ஊசி முழுமையாக வேலை செய்யாமல் போவதுண்டு. அதற்குக் கூடுதல் ஊசி முறைகள் இருக்கின்றன. வலித்தால் இடது கையை உயர்த்துங்கள் என்று நான் சொல்வது வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டிய தேவை இன்று இல்லை.

மரத்த பிறகு பல்லின் மேற்பகுதியில் சிறு துளையிட்டுக் கூழ் அறையைத் திறப்போம். அதற்கு முன் ரப்பர் விரிப்பு ஒன்றைப் பல்லைச் சுற்றிப் பொருத்துவது நல்ல முறை. 1864இல் நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்ட் பார்னம் அறிமுகப்படுத்திய எளிய கருவி அது. எச்சிலிலுள்ள நுண்ணுயிரிகள் பல்லுக்குள் செல்லாமலும், சிறு கருவிகளும் மருந்தும் தொண்டைக்குள் செல்லாமலும் அது தடுக்கிறது. பின்னர் ஒவ்வொரு குழலின் நீளத்தையும் எக்ஸ்-கதிர்ப் படத்தாலும் மின்கருவியாலும் அளந்து, மெல்லிய அரங்களால் தூய்மைப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவோம். அரம் போகாத கிளைகளுக்குள் கழுவுநீர் போகும் என்பதால் இந்தக் கழுவுதலே சிகிச்சையின் உயிர்நாடி. கடைசியாக, மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் குழல்களை நிரப்பி அடைப்போம்.

எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் உண்டு. ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறு படத்தில் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரே நாளில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் பெறும் அளவை ஒட்டியதே. படம் எடுக்காமல் வேர் சிகிச்சை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். படமே எடுக்கவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

சிகிச்சை ஒரே அமர்வில் முடியலாம். தொற்றின் தன்மையைப் பொறுத்து இரண்டு, மூன்று அமர்வுகளும் ஆகலாம். இடைப்பட்ட நாள்களில் வைக்கும் அடைப்பு தற்காலிகமானது. சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். அது விழுந்துவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். அமர்வுக்குப் பின் இரண்டு மூன்று நாள்கள் கடித்தால் வலிப்பது இயல்பு. வலி நாளுக்கு நாள் கூடினாலோ வீக்கம் வந்தாலோ அது இயல்பல்ல.

எல்லாச் சிகிச்சையும் வெற்றி பெறும் என்றும் சொல்ல மாட்டேன். நன்கு செய்யப்பட்டால் பத்துப் பற்களில் எட்டு, ஒன்பது நலமடைகின்றன. வேர் நுனியில் ஏற்கெனவே எலும்பு கரைந்திருந்தால் வாய்ப்பு சற்றுக் குறையும். குழலின் வளைவில் அரம் உடைந்து சிக்குவதும் உண்டு. கவனமாகச் செய்பவருக்கும் அது நேரலாம். அதனாலேயே பல் வீணாகிவிடாது. ஆனால் நேர்ந்ததை நோயாளியிடம் அன்றே சொல்வது மருத்துவரின் கடமை.

மூடி இல்லாத பல்

வேர் சிகிச்சை முடிந்ததும் பலர் விட்டுவிடும் இன்னொரு படி உண்டு. அது 'கேப்' எனப்படும் மூடி. சொத்தையாலும் சிகிச்சையாலும் உட்புறம் குடையப்பட்ட கடைவாய்ப் பல், கடிக்கும் விசையைத் தாங்காமல் பிளந்துவிடக்கூடும். முறுக்கு, கரும்பு, எலும்பு என்று கடிக்கும் நம் பழக்கத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது. வேர் வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மூடி பொருத்தாத பற்கள், பொருத்தியவற்றைக் காட்டிலும் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முன்பற்களில் பெரும்பகுதி நல்ல நிலையில் இருந்தால் அடைப்பே போதுமானதாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லுக்கு அப்படி அல்ல. மூடிக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட்டுக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும். வேர் சிகிச்சைக்கு மட்டும் கட்டணம் சொல்லிவிட்டு, மூடியைப் பின்னர் சொல்வது சரியான நடைமுறை ஆகாது.

காப்பதா, பிடுங்குவதா?

சில ஆயிரம் ரூபாய் என்பது நாள்கூலி பெறும் குடும்பத்துக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதை நான் அறிவேன். ஆகவே 'எடுத்துடுங்க சார்' என்று கேட்பவரை நான் கடிந்துகொள்வதில்லை. வேர் பிளந்திருந்தால், சொத்தை எலும்புக்குக் கீழ் இறங்கியிருந்தால், பல் மிகவும் ஆடினால் பிடுங்குவதே சரி. காக்கக்கூடிய பல்லைப் பிடுங்கினால் நேர்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும், எதிர்ப்பல் இறங்கும், அந்தப் பக்கம் மெல்லுவது குறையும். கேழ்வரகுக் களியும் குழைந்த சோறும் தவிர வேறெதையும் மெல்ல முடியாத முதியவர்களைக் கேட்டால் ஒரு கடைவாய்ப் பல்லின் மதிப்பைச் சொல்வார்கள்.

நம் பகுதியில் ஒரு நம்பிக்கை உண்டு: மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்பது. கண்ணின் பார்வை நரம்பும் பல்லுக்குச் செல்லும் நரம்பும் வேறு வேறு. பார்வைக்கும் பல் பிடுங்குவதற்கும் தொடர்பில்லை. இதற்கு அஞ்சி, பிடுங்க வேண்டிய மேல்பல்லைச் சீழோடு வைத்திருப்பதே ஆபத்து.

கைப்பேசிகளில் சுற்றும் இன்னொரு அச்சம், வேர் சிகிச்சை செய்த பல் உடலெங்கும் நோயைப் பரப்பும் என்பது. இதன் வேர் நூறாண்டுக்கும் பழையது. 1910இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹண்டர், வாயில் தங்கும் தொற்றே பல நோய்களுக்குக் காரணம் என்று பேசினார். அதைத் தொடர்ந்து மேலைநாடுகளில் பல்லாயிரம் பேருக்குத் தேவையின்றிப் பற்கள் பிடுங்கப்பட்டன. பற்கள் போன பின்னும் அவர்களின் மூட்டுவலியும் பிறவும் தீரவில்லை. பிற்கால ஆய்வுகள் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. முறையாக முடித்த வேர் சிகிச்சையால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை.

வாணியம்பாடி தரும் எச்சரிக்கை

அஞ்ச வேண்டியது சிகிச்சைக்கு அல்ல, தூய்மையற்ற சிகிச்சைக்கே. நம் மாநிலத்தில் அதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சையகத்துக்குச் சென்றவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோயால் உயிரிழந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் ஆகியவற்றின் வல்லுநர்கள் உள்ளிட்டோர் ஆராய்ந்து, 2025இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு நுண்ணுயிரி, பல்லைக் கழுவப் பயன்படும் சலைன் புட்டியின் வழியே நோயாளிகளை அடைந்திருக்கிறது. தூய்மைப்படுத்தாத சிகிச்சைக் கருவியால் புட்டியைத் திறந்து, பின்னர் அதைத் தளர்வாக மூடி வைத்து, அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதே காரணமாகக் கண்டறியப்பட்டது.

ஒரு புட்டியை உரிய முறையில் திறக்காததற்கு எட்டு உயிர்கள் விலை. அந்தச் செய்தியைப் படித்த இரவு என் சிகிச்சையகத்தின் அலமாரிகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பல் மருத்துவரும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். நோயாளிகளும் பார்க்க வேண்டும். கருவிகள் ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலத்தில் தூய்மைப்படுத்தப்பட்டு, உறையில் மூடப்பட்டு, உங்கள் கண்முன் பிரிக்கப்படுகின்றனவா? கையுறை புதிதாக மாற்றப்படுகிறதா? ஊசி புதிதா? இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கேட்கவும் சொல்லவும் வேண்டியவை

சிகிச்சை செய்பவர் பல் மருத்துவப் பட்டம் பெற்று மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. சந்தைகளிலும் பேருந்து நிலைய ஓரங்களிலும் பல் கட்டுபவரிடம் செல்லாதீர்கள். எத்தனை அமர்வுகள், மூடியுடன் மொத்தச் செலவு எவ்வளவு, வேறு வழி உண்டா, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். சிகிச்சை முடிந்த பின் எடுக்கும் படத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தக் கூடாது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களும், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே மருந்து தேவைப்படும். கர்ப்பிணிகள் பல்வலியைப் பொறுத்துக்கொண்டு பேறுகாலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். அவசரமென்றால் எந்த மாதத்திலும் தக்க பாதுகாப்போடு செய்யலாம்.

கட்டணம் தடையாக இருந்தால் விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் முதலில் அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். புதுச்சேரியிலுள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ உயர்கல்வி நிறுவனம், சென்னையிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற கற்பிக்கும் நிறுவனங்களும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் உண்டு என்பது உண்மை. அதனால்தான் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பல்லைப் பிடுங்குவதற்கு இருக்கும் வசதி, பல்லைக் காப்பதற்கும் வட்ட மருத்துவமனை அளவிலேயே இருக்க வேண்டும். வேர் சிகிச்சையோடு மூடியும் சேர்ந்து கிடைக்க வேண்டும். பணம் உள்ளவர் பல்லைக் காத்துக்கொள்வதும் இல்லாதவர் பிடுங்கிக்கொள்வதும் ஓர் ஊரின் நியதியாகிவிடக் கூடாது.

மயிலத்து அம்மாவின் அந்தப் பல்லைக் காக்க இயலவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் பல்லிலும் சொத்தை தொடங்கியிருந்தது. இம்முறை கண்ணாடியைக் கையில் கொடுத்து, படத்தைக் காட்டி, வலி நின்றாலும் ஏன் வர வேண்டும் என்பதை விளக்கினேன். சரியாக ஐந்து நிமிடம் ஆயிற்று. அடுத்த வாரம் அவர் வந்தார்; துணைக்குப் பல்வலியோடு இருந்த தம் மருமகளையும் அழைத்து வந்தார்.